குழந்தைகளின் மனத்தை அளக்க முடியுமா?

பேகம்பேட்டையில் பழைய நிஜாமியா வானாய்வுக்கூட வளாகத்தை வாசகர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பொருளாதார, சமூக ஆய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் 'யங் லைவ்ஸ்' என்னும் நெடுங்கால ஆராய்ச்சியில் இம்மையமும் பங்கேற்றது. இந்த வேலையைப் பற்றி நம்மவர்களில் அதிகம் பேருக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

எத்தியோப்பியா, இந்தியா, பெரு, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 12,000 குழந்தைகள். இந்தியாவில் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தை எடுத்துக்கொண்டார்கள். ஹைதராபாத் உட்பட இங்கே 3,000 பேர். அவர்களில் 2,000 பேர் 2001-02இல் பிறந்தவர்கள். மற்றவர்கள் ஏழெட்டு வயது மூத்தவர்கள். 2002இல் முதன்முறை வீடு தேடிப் போனார்கள். பிறகு 2006-07, 2009, 2013, 2016 என்று அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். ரயில் பாதையில் காலம் தள்ளிய எனக்கு இந்த முறை உடனே பிடித்துவிட்டது. தண்டவாளத்தை ஒருமுறை அளந்தால் இன்றைய நிலை மட்டுமே தெரியும். சில மாதம் கழித்து அதே இடத்தை அளந்தால்தான் எந்தப் பக்கம் தாழ்ந்துகொண்டே போகிறது என்பது புலப்படும்.

உயரத்தையும் எடையையும் அளந்துவிடலாம். மனத்தை? ஒன்பது படிகள் கொண்ட ஏணிப் படம் ஒன்றைக் காட்டுவார்கள். உச்சிப் படி மிக நல்ல வாழ்க்கை, கீழ்ப்படி மிக மோசமான வாழ்க்கை. நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்பார்கள். (என் பேத்தியிடம் கேட்டுப் பார்த்தேன். ஏழு என்றாள். மீதி இரண்டு படி ஏன் குறைந்தது என்றால், பள்ளி வேனில் ஜன்னல் சீட் கிடைப்பதில்லையாம்!) உடையைப் பற்றி, செருப்பைப் பற்றிப் பெருமையா, நோட்டும் பென்சிலும் சரியாக இல்லாததால் வெட்கமா, முயன்றால் என் நிலைமை மாறும் என்ற நம்பிக்கை உண்டா என்றும் விசாரித்தார்கள்.

ஸ்டீபன் டெர்கான், பிரமீளா கிருஷ்ணன் இருவரும் 2009இல் இந்த விடைகளை ஆராய்ந்து எழுதினார்கள். வீட்டில் வறுமை இருந்தால் பிள்ளையின் தன்மதிப்பும் தன்னம்பிக்கையும் படிப்பு ஆசையும் குறைவாகவே காணப்பட்டன. ஏழெட்டு வயதில் வளர்ச்சி குன்றி இருந்த பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதிலும் அந்த நம்பிக்கை குறைந்தே இருந்ததாக 2013இல் வந்த இன்னொரு கட்டுரை கூறுகிறது. இது தொடர்புதான், முழுக் காரணம் என்று எந்தப் பொறியாளனும் கையெழுத்துப் போட மாட்டான். ஆனாலும் வயிறும் மனமும் தனித்தனி இலாகா அல்ல என்பது தெரிகிறது. வறட்சியில் அடிபட்ட குடும்பத்துக் குழந்தைகளின் உடல் இழப்பைப் பள்ளி மதிய உணவு ஈடுகட்டியதையும் இதே ஆராய்ச்சி காட்டியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது கேலி செய்தவர்கள் உண்டு. இந்தக் கணக்கை அவர்களுக்குக் காட்டலாம்.

என்னை மிகவும் உறுத்தியது அடி பற்றிய தகவல். 2009இல் கேட்டபோது, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், அதற்கு முந்தைய ஒரு வாரத்திற்குள் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் இதைத் தடை செய்துள்ளது. 'அடியாத மாடு படியாது' என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதை எந்தச் சட்டம் தடுக்கும்?

நம் சங்கம் ஆண்டுதோறும் மதிப்பெண்ணுக்குப் பரிசு தருகிறது. நல்லதுதான். அந்தத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் ஏழைப் பிள்ளைகளுக்குச் செருப்பும் நோட்டும் வாங்கிக் கொடுக்கலாம் என்பது என் யோசனை. அதையும் மேடைக்கு அழைத்துப் போட்டோ எடுக்காமல், வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.