படகில் ஒரு வார விடுமுறை



விடுமுறை என்றதும் நம் பிள்ளைகளுக்கு என்னென்ன நினைவுக்கு வருகின்றன? பாட்டி வீடு, தைப்பூசத்துக்குப் பத்துமலை, கூடிப்போனால் போர்ட் டிக்சன் கடற்கரை. இங்கிலாந்தில், வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களில் வயதானவர்களைக் கேட்டால், அவர்களில் பலர் வேறொன்றைச் சொல்வார்கள். ஒரு படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்துறங்கி, ஒரு வாரம் முழுவதும் ஆற்றிலேயே குடியிருந்ததைச் சொல்வார்கள். அந்தப் படகின் பெயரைக்கூட அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வாடகைப் படகுகளைப் பற்றியும், அவை மிதக்கும் நீர்நிலைகளைப் பற்றியும் இன்று பார்ப்போம். அது நம்மைப் போன்ற உழைப்பாளிகளின் கைவேலையில் தொடங்கும் கதை.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் நார்ஃபோக், சஃபோக் என்று இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. அங்கே பியூர், யேர், வேவ்னி, ஆன்ட், தர்ன் முதலிய ஆறுகள் மேடு பள்ளமில்லாத தாழ்நிலத்தில் மெல்ல நடந்து போய்க் கடலைச் சேர்கின்றன. இந்த ஆறுகளை ஒட்டினாற்போல் ஆழம் குறைந்த ஏரிகள் அறுபதுக்கும் மேல் உண்டு. அவற்றைப் 'பிராட்ஸ்' என்பார்கள். ஆறும் ஏரியுமாகச் சுமார் 200 கிலோமீட்டர் தூரம் படகிலேயே சுற்றி வரலாம்.

இந்த ஏரிகள் எப்படி உண்டாயின? இயற்கை தந்தவை என்றுதான் நெடுங்காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியல் அறிஞர் ஏரிகளின் கரையிலும் அடியிலும் துளையிட்டு மண்ணை எடுத்து ஆராய்ந்தார். இயற்கையான ஏரியின் கரை சாய்வாக இறங்க வேண்டும். இவற்றின் கரைகளோ மண்வெட்டியால் வெட்டியதுபோல் செங்குத்தாக நின்றன. அடித்தளம் தட்டையாக இருந்தது. குழிக்கும் குழிக்கும் நடுவில் வெட்டாமல் விட்ட மண் வரப்புகளும் தெரிந்தன. ஆகவே இவை மனிதர் தோண்டிய குழிகள் என்பது உறுதியாயிற்று.

எதற்காகத் தோண்டினார்கள்? அடுப்பெரிக்க! மரமும் செடியும் சதுப்பு நிலத்தில் விழுந்து, முழுவதும் மக்காமல் நூற்றாண்டுக் கணக்கில் படிந்து கிடந்தால் கறுத்த மண்ணாகிவிடும். ஆங்கிலத்தில் அதைப் 'பீட்' என்பார்கள். மலாய்மொழியில் 'தானா கம்புட்' என்று சொன்னால் நமக்கு உடனே விளங்கும். வறட்சிக் காலத்தில் அந்த மண்ணில் தீப்பிடித்தால் அணைப்பது எவ்வளவு கடினம் என்று நாம் அறிவோம். விறகு குறைந்த அந்தப் பகுதியில், ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னே, மக்கள் இந்த மண்ணைச் செங்கல்போல் வெட்டி, காயவைத்து எரித்தார்கள். நாரிச் நகரமும் அதன் பெரிய தேவாலயமும் இந்தக் கரிமண்ணில்தான் குளிர் காய்ந்தன. தலைமுறை தலைமுறையாக வெட்டி வெட்டிக் குழிகள் மூன்று மீட்டர் ஆழம் வரை போயின. பிறகு கடல் மட்டம் உயர்ந்தது. 1287-ஆம் ஆண்டிலே பெருவெள்ளம் வந்தது. குழிகளில் நீர் ஏறத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் வேலை மெல்ல மெல்ல நின்றது, குழிகள் ஏரிகளாயின.

நம் நாட்டில் தைப்பிங் ஏரிப் பூங்காவைப் பாருங்கள். ஈயம் தோண்டிக் கைவிட்ட நிலத்தில் 1880-ஆம் ஆண்டு உருவான பூங்கா அது. இன்று அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மண்ணை வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. நார்ஃபோக்கிலும் அப்படித்தான்.

அதன்பிறகு அந்த நீர்வழிகள் சாமான் ஏற்றும் பாதையாயின. 'வெர்ரி' என்று ஒருவகைப் படகு இருந்தது. தட்டையான அடி, ஒரே பாய்மரம், ஒரே பெரிய கறுத்த பாய். 20 முதல் 40 டன் வரை நிலக்கரி, தானியம், மரம், செங்கல் முதலியவற்றை ஏற்றிச் செல்லும். அவ்வளவு பெரிய படகை ஓட்டியவர்கள் இரண்டே பேர்தாம். சில சமயம் அதில் ஒருவர் மனைவியாகவோ மகனாகவோ இருப்பதும் உண்டு. பாலம் வந்தால் பாய்மரத்தையே படுக்க வைத்துவிடுவார்கள். மரத்தின் அடியில் கனமான ஈயத்தைக் கட்டியிருப்பதால், கிணற்று ஏற்றம்போல் எளிதாகத் தாழவும் எழவும் செய்யும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வந்தது. சாமான்கள் படகை விட்டு இரயிலுக்கு மாறின. பின்னர் லாரியும் வந்தது. வெர்ரிக்காரர்கள் வேலை இழந்தார்கள். ஒரு தொழில் கைவிட்டுப் போகும்போது அதை நம்பிய குடும்பங்கள் படும் பாடு எப்படி என்று, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைக் கண்ட நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே இரயில் வேறு சிலரையும் அழைத்து வந்தது. 1874-இல் ராக்சம் என்ற ஊருக்கு இரயில் பாதை போடப்பட்டது. நகரத்துப் புகையிலிருந்து தப்பி, காற்று வாங்கவும் மீன் பிடிக்கவும் மக்கள் வந்தார்கள். 1878-இல் ஜான் லாயின்ஸ் என்ற தச்சர் நாரிச் நகரில் படகுகளை வாடகைக்கு விடத் தொடங்கினார். பிற்பாடு அவர் ராக்சம் ஊருக்கே தம் பட்டறையை மாற்றிக்கொண்டார். வாடகைப் படகுத் தொழிலுக்கு அவரையே முன்னோடியாகச் சொல்வார்கள். வெர்ரிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கோடைக்காலத்தில் சாமான் ஏற்றும் இடத்தைக் கழுவித் துடைத்து, கட்டிலும் நாற்காலியும் போட்டு, விருந்தினரை ஏற்றினார்கள். குளிர்காலம் வந்ததும் மீண்டும் நிலக்கரி ஏற்றினார்கள். 1908-இல் பிளேக்ஸ் என்னும் நிறுவனம் பல பட்டறைகளின் படகுகளை ஒரே பட்டியல் புத்தகத்தில் சேர்த்து, வீட்டிலிருந்தே தபாலில் பதிவு செய்துகொள்ள வழி செய்தது.

முதலில் வந்தவர்கள் வசதி படைத்தவர்கள். படகோட்ட ஓர் ஆள், சமைக்க ஓர் ஆள் என்று கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பங்கள் எப்போது வந்தன? சம்பளத்தோடு விடுமுறை கிடைத்த பிறகுதான்! வேலைக்குப் போகாத நாளில் கூலியில்லை என்றால் தொழிலாளிக்கு விடுமுறை ஏது? 1938-இல் பிரிட்டனில் சம்பள விடுமுறைச் சட்டம் நிறைவேறியது. ஆண்டுக்கு ஒரு வாரம் சம்பளத்துடன் ஓய்வு பெற அது வழி திறந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஆலைத் தொழிலாளர், ஆசிரியர், எழுத்தர் எனப் பலரும் குடும்பத்தோடு பிராட்ஸுக்கு வந்தார்கள். தொழிற்சங்கங்கள் பல காலம் போராடிப் பெற்ற உரிமை அது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

அந்த ஒரு வாரம் எப்படி இருந்தது? பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகலில் படகு கைக்கு வரும். மரத்தால் செய்து வார்னிஷ் பூசிய படகு. பட்டறை ஆள் கூடவே வந்து இஞ்சினைக் கிளப்புவது, சுக்கானைத் திருப்புவது, படகை நிறுத்துவது ஆகியவற்றைச் சற்று நேரம் காட்டிக்கொடுத்துவிட்டு இறங்கிவிடுவார். அதன்பின் அப்பாதான் மாலுமி! உள்ளே ஒரு சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சாப்பாட்டு மேசை. இரவானால் அந்த மேசையே கட்டிலாகிவிடும். இட நெருக்கடிதான். ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கூரையில் மழை விழும் சத்தத்தையும், காலையில் படகின் பக்கத்தில் தண்ணீர் தட்டும் ஓசையையும் பிள்ளைகள் முதுமை வரை நினைவில் வைத்திருந்தார்கள்.

அவர்கள் கற்றுக்கொண்டதும் நிறைய. அந்த ஆறுகளில் கடலின் ஏற்றமும் வற்றமும் உண்டு. கடலை நெருங்கிய பகுதியில் படகின் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டால், நீர் வற்றும்போது படகு கரையில் தொங்கிப்போகும். ஆகவே கயிற்றைத் தளர்த்திக் கட்டவேண்டும். வடக்கு ஆறுகளிலிருந்து தெற்கு ஆறுகளுக்குப் போக கிரேட் யார்மத் நகரத்தைக் கடக்க வேண்டும். அங்கே நீரோட்டம் வேகமானது. நீர் வற்றி ஓட்டம் அடங்கும் நேரம் பார்த்துத்தான் கடப்பார்கள். பாட்டர் ஹைகம் என்னும் ஊரில் மிகப் பழைய கல்பாலம் ஒன்று உள்ளது. அதன் வளைவு தாழ்ந்தும் குறுகியும் இருப்பதால், வாடகைப் படகுகளைத் தேர்ந்த படகோட்டிகளே அதன்கீழ் ஓட்டிச் செல்வது வழக்கம். கடிகாரத்தையும் காற்றையும் தண்ணீரையும் சேர்த்துப் படிக்கும் பள்ளிக்கூடமாகவே அந்தப் படகு இருந்தது.

நேயர்களே, இனிமையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். ஆர்தர் ரான்சம் என்ற எழுத்தாளர் 1934-இலேயே 'கூட் கிளப்' என்ற சிறுவர் நாவலை எழுதினார். இயந்திரப் படகை வாடகைக்கு எடுத்துவந்து, பறவைக் கூட்டருகே நிறுத்தி ஆட்டம் போடுபவர்களை எதிர்த்து, கூடுகளைக் காக்கும் பிள்ளைகளின் கதை அது. அந்தக் கவலை பிறகு பெரிதாயிற்று. படகுகள் பெருகின. அவை எழுப்பும் அலை கரையை அரித்தது. அதைவிடப் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாமல் வந்தது. ஊர்க் கழிவுநீரிலிருந்தும் சோப்புத் தூளிலிருந்தும் பாஸ்பேட், வயல்களின் உரத்திலிருந்து நைட்ரேட் ஆகியவை ஆற்றில் கலந்தன. அவை நுண்ணிய பாசிகளுக்கு விருந்தாயின. பாசி பெருகித் தண்ணீர் கலங்கிப் பச்சையாயிற்று. சூரிய ஒளி அடிவரை போகவில்லை. அடியில் வளர்ந்த செடிகள் அழிந்தன. செடியை நம்பிய பூச்சியும் மீனும் பறவையும் குறைந்தன. 1960-களிலும் 1970-களிலும் பெரும்பாலான ஏரிகளின் நிலை இதுதான். உரம் போட்ட தோட்டத்து மண் மழையில் கரைந்து ஆற்றில் சேர்வதை நாமும் பார்த்தவர்கள்தாமே.

அந்த மக்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்தெடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1982-இல் காக்சூட் என்ற ஏரியை அணை கட்டி ஆற்றிலிருந்து பிரித்து, அடியில் படிந்த சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். செடிகள் திரும்ப முளைத்தன. 1990-களில் பார்ட்டன் என்ற பெரிய ஏரியிலும் இவ்வாறே சேறு அள்ளினார்கள். பிராட்ஸ் ஆணையம் 1978-இல் தொடங்கப்பட்டு, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் முழு அதிகாரம் பெற்றது. படகு வேகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. பல இடங்களில் மணிக்கு 5 அல்லது 6 கிலோமீட்டர்தான், மனிதன் நடக்கும் வேகம். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சில ஆண்டுகளில் கெட்ட தண்ணீரைத் தெளியவைக்கப் பல பத்தாண்டுகள் தேவைப்படுகின்றன.

படகுகளின் கதி என்ன? 1960-களுக்குப் பின் கண்ணாடி இழைப் படகுகள் வந்தன. அவற்றுக்குப் பராமரிப்பு குறைவு. மரப் படகுகள் பல உடைக்கப்பட்டன. குறைந்த செலவில் விமானத்தில் வெளிநாடு போக வழி பிறந்ததும் வாடகைப் படகுகளே குறைந்தன. ஆனாலும் சிலவற்றை மக்கள் காப்பாற்றினார்கள். 1898-இல் கட்டிய 'ஆல்பியன்' என்னும் வெர்ரியைக் காக்க 1949-இல் ஒரு அறநிதி அமைத்தார்கள்.

இன்னொரு செய்தி என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்தது. லட்ஹாம் கிராமத்தில் ஹன்ட்டர் குடும்பத்தார் 1930-களிலிருந்து இயந்திரமே இல்லாத மரப் பாய்மரப் படகுகளைக் கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1968-இல் அவற்றை நார்ஃபோக் மாவட்ட மன்றம் வாங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் படகோட்டக் கற்றுக்கொடுத்தது. பணக்காரர் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வேறுபாடில்லாமல் பலரும் அங்கே பாய் பிடித்தார்கள். 1990-களின் நடுவில் மன்றம் அவற்றை விற்க முன்வந்தபோது, ஊர் மக்கள் அறநிதி ஒன்றை அமைத்து, பணம் திரட்டி, படகுகள் சிதறிப்போகாமல் மொத்தமாக வாங்கிக் காத்தார்கள். அந்தப் படகுகள் இன்றும் பாய் விரித்து ஓடுகின்றன.

பெற்றோர்களே, இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ஓய்வு என்பது சோம்பல் அன்று. உழைப்பவனுக்கு அது உரிமை. பிள்ளைகளுக்கு அது படிப்பு. ஆனால் நாம் ஓய்வெடுக்கும் இடத்தை யாரோ மண் சுமந்து உண்டாக்கியிருக்கிறார்கள், யாரோ சேறு அள்ளிக் காத்து வருகிறார்கள். அடுத்த விடுமுறையில் ஏரிக்கோ ஆற்றுக்கோ குளத்துக்கோ பிள்ளைகளை அழைத்துப் போங்கள். படகில் ஏறினால் மிதவைச் சட்டை அணிவியுங்கள். கொண்டுபோன நெகிழிப் பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 'இதைத் தோண்டியவர் யார்? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?' என்று பிள்ளைகளைக் கேளுங்கள். உங்களுக்கே பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஊரில் உள்ள பெரியவர்களிடம் பிள்ளைகளோடு போய்க் கேட்டறியுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.