கிபியோனின் பாறைக் குடங்கள்

பழைய ஊரைத் தோண்டுகிறவர்களுக்குப் பொதுவாக ஓர் ஏக்கம் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் எங்காவது ஊர்ப்பெயரை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா? விவிலியத்தில் வரும் ஊர்களில் பலவற்றை ஊகத்தில்தான் அடையாளம் கண்டிருக்கிறார்கள்: இத்தனை கல் தொலைவு, பக்கத்தில் இன்ன ஊர், இன்றைய அரபுப் பெயரில் பழைய பெயரின் சாயல். கிபியோன் இதற்கு விலக்கு.

எருசலேமுக்கு வடமேற்கே சுமார் ஒன்பது கிலோமீட்டரில் அல்-ஜிப் என்றொரு பாலஸ்தீனக் கிராமம் இருக்கிறது. 1838-இல் அந்தப் பக்கம் வந்த அமெரிக்க அறிஞர் எட்வர்ட் ராபின்சன், இதுதான் கிபியோன் என்றார். எல்லாரும் ஏற்கவில்லை. 1956-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் சார்பில் ஜேம்ஸ் பிரிச்சர்ட் அங்கே தோண்ட ஆரம்பித்தார். அப்போது உடைந்த ஜாடிகளின் கைப்பிடிகள் வெளிவந்தன. அவற்றில் பழைய எபிரேய எழுத்தில் ஊர்ப்பெயரைக் கீறியிருந்தார்கள். ‘கிபியோன்’ என்று எழுதிய கைப்பிடிகள் மட்டும் முப்பதுக்கு மேல் கிடைத்தன. சிலவற்றில் அனனியா, அசரியா, அமரியா என ஆள்பெயர்களும் இருந்தன. நூற்றாண்டுக்கு மேல் நீண்ட விவாதத்தை முடித்துவைத்தவை குப்பையோடு குப்பையாகக் கிடந்த இந்த ஓடுகள்தான்.

அந்தக் குப்பை கிடந்த இடம் அதைவிடப் பெரிய விஷயம். பிரிச்சர்டின் ஆட்கள் கூடை கூடையாக மண் அள்ளிய பள்ளம், சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய ஒரு வட்டக் கிணறாக விரிந்தது. குறுக்களவு பதினோரு மீட்டருக்கு மேல். ஆழமும் கிட்டத்தட்ட அவ்வளவே. வெட்டி எடுத்த கல் மட்டும் சுமார் 3,000 டன் இருக்கும். சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி இறங்கும் படிக்கட்டும் அதே பாறையில் செதுக்கியதுதான். தண்ணீர் எடுத்து வருகிறவர்கள் கால் தவறி உள்ளே விழாதபடி, பள்ளத்தின் பக்கமாகக் கைப்பிடிச் சுவரையும் பாறையிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். கிணற்றின் தரையோடு படிகள் நின்றுவிடவில்லை. அங்கிருந்து சுரங்கமாகி மேலும் இறங்கி, 79-ஆவது படியில், மேல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 24 மீட்டர் ஆழத்தில், தண்ணீர் ஊறும் அறையில் போய் முடிகின்றன.

ஏன் இத்தனை பாடு? ஊர் குன்றின்மேல், ஊற்று அடிவாரத்தில், மதிலுக்கு வெளியே. எதிரி முற்றுகையிட்டால் முதலில் கைவைப்பது ஊற்றில்தான். அதற்காக இன்னொரு வழியும் வெட்டியிருக்கிறார்கள்: மதிலுக்கு உள்ளிருந்து 93 படிகள் கொண்ட சுரங்கம் ஊற்றுக்கே போகிறது. கிணறு முந்தியதா, சுரங்கம் முந்தியதா, எந்த நூற்றாண்டில் வெட்டியவை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை.

விவிலியத்தில் கிபியோனோடு தண்ணீர் ஒட்டிக்கொண்டே வருகிறது. இஸ்ரவேலரை வழிநடத்திய யோசுவாவை ஏமாற்றி உடன்படிக்கை செய்துகொண்ட கிபியோனியர்களுக்குக் கிடைத்த தண்டனையில் தண்ணீர் சுமப்பதும் ஒன்று. எதிரெதிர்ப் படைத்தலைவர்களான அப்னேரின் ஆட்களும் யோவாபின் ஆட்களும் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக மோதி மடிந்தது கிபியோன் குளத்தங்கரையில். அந்தக் குளம் இந்தக் கிணறுதான் என்பது பிரிச்சர்டின் எண்ணம். இருக்கலாம், ஆனால் கிணற்றில் யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை.

விவிலியம் சொல்லாமல் விட்டது இந்த ஊரின் தொழிலை. அதே பாறையில் 63 குழிகள் கிடைத்தன. குடம் போல வாய் குறுகி வயிறு பெருத்தவை. ஆழம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல்; வாயோ ஓர் ஆள் நுழையும் அளவுதான்; அதையும் தட்டைக் கல்லால் மூடிவிடலாம். தானியக் குழியா, தண்ணீர்த் தொட்டியா? பூச்சு பூசாத சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் நிற்காது. பக்கத்திலேயே திராட்சை மிதிக்கும் தொட்டிகளும், சாறு தெளியவும் புளிக்கவும் விடும் பள்ளங்களும் இருந்தன. போதாததற்கு, ஜாடி வாய்க்குப் பொருந்தும் களிமண் அடைப்புகளும் ஒரு புனலும் அகப்பட்டன. குழிகளுக்குள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் திராட்சை ரசம் புளித்துக் கெடாது. ஒரு குழியில் நாற்பது ஜாடி வீதம் வைத்தால், ஊர் முழுக்க ஏறக்குறைய 95,000 லிட்டர் சேமிக்கலாம் என்று பிரிச்சர்ட் கணக்கிட்டார்.

இவ்வளவையும் ஊர்க்காரர்களே குடித்துத் தீர்த்திருக்க முடியாது. ஜாடியில் ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் எழுதியதன் காரணமும் இங்கேதான் பிடிபடுகிறது: சரக்கு வெளியூருக்குப் போயிருக்கிறது. ஊர்ப்பெயர் சரக்கின் முத்திரை, ஆள்பெயர் திராட்சைத் தோட்டக்காரருடையது என்ற விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. இந்த எழுத்துகள் கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் அல்லது ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. யோசுவா காலத்துக் கிபியோன் பெரிய நகரம் என்கிறது விவிலியம். அக்காலத்தியது என்று சொல்லத்தக்க பிந்தைய வெண்கலக் காலப் பொருள்கள் சில கல்லறைகளில் கிடைத்தன. நகரம் என்று சொல்லும்படியான வீடோ மதிலோ அகப்படவில்லை. சாலொமோன் அரசர் பலியிட்டுக் கனவு கண்டதாகச் சொல்லப்படும் மேடையும் குன்றின்மேல் கிடைக்கவில்லை. அது தெற்கே தெரியும் நபி சாம்வில் மலையில் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. பிரிச்சர்ட் 1962-இல் அகழாய்வை முடித்துக்கொண்டார். அவர் தோண்டியது மேட்டில் ஒரு பகுதியை மட்டுமே.