உடலை வாங்க மறுப்பது குற்றமா? பட்டாசு ஆலை விபத்தும் போராடும் உரிமையும்

ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்த 24 மணி நேரத்தில் என்னென்ன நடக்கும் என்று விஸ்வநத்தத்தில் யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். சிவகாசி அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் ஓடும். முதல்வர் இரங்கல் தெரிவிப்பார், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும். போர்மேன் கைது, உரிமையாளர் தலைமறைவு என்று செய்தி வரும். பிணவறை வாசலில் உறவினர்கள் உட்கார்ந்துவிடுவார்கள். "எழுதிக் குடுங்க, அப்புறம் பாடிய வாங்குறோம்."

செய்தி சேனலில் "உடலை வாங்க மறுத்துப் போராட்டம்" என்று ஒரு வரி ஓடும். அதற்குக் கீழே யாராவது "பிணத்தை வைத்துப் பேரம் பேசுகிறார்கள்" என்று கமென்ட் போடுவார்கள். ஆமாம், அது பேரம்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குப் பேரம் பேச வேறு நாள் கிடைக்காது.

ஏன் கிடைக்காது?

லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுபவர் வேறொருவராக இருப்பார். விபத்துக்குப் பின் விசாரணைகளில் திரும்பத் திரும்ப அடிபடும் விஷயம் இது. கூலி பீஸ் ரேட், வார சம்பளம். வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இறந்த தொழிலாளிக்கு இழப்பீடு கணக்கிட சட்டத்தில் ஒரு சூத்திரம் உண்டு: மாதச் சம்பளத்தில் பாதி, அதை வயதுக்கான காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. சம்பளம் 10,000 ரூபாய் என்றால் சுமார் 9.2 லட்சம் வரும். சம்பளம் 5,000 தான் என்று ஆலைத் தரப்பு சொன்னால் அதில் பாதிதான். "அவர் எங்க ஆளே இல்லை" என்று சொல்லிவிட்டால்? வேலை பார்த்தார் என்பதையே குடும்பம் நிரூபிக்க வேண்டியிருக்கும்.

தாசில்தார், டி.எஸ்.பி., ஆலைத் தரப்பு ஆட்கள், செய்தியாளர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பது உடல் பிணவறையில் இருக்கும் அன்றைக்கு மட்டும்தான். அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் குடும்பம் தனியாக ஒவ்வொரு அலுவலகமாக ஏற வேண்டும்.

தொகைகளுக்குள் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளம் ஆலை விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது மாநில அரசு 3 லட்சமும் மத்திய அரசு 2 லட்சமும் அறிவித்தன. தானாக முன்வந்து வழக்கை எடுத்த தேசிய பசுமைத் தீர்ப்பாயம், ஒரு உயிருக்கு 20 லட்சம் என்றது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(பி) பிரிவு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம், அவ்வளவுதான். உடலை வாங்க மறுப்பதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை.

அப்படியானால் எதில் வழக்கு போடுகிறார்கள்? பெரும்பாலும் சாலை மறியலில். வழியை மறித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 126(2), சட்டவிரோதக் கூட்டம் என்றால் 189(2), அதிகாரியின் தடை உத்தரவை மீறினால் 223 (இது பழைய 188). மருத்துவமனை வளாகத்தில் யாரையும் மறிக்காமல் உட்கார்ந்திருப்பதும், சாத்தூர் ரோட்டில் பஸ்ஸை மறிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. ஆத்திரத்தில் இருப்பவர்களிடம் இதை யாராவது நிதானமாகச் சொன்னால் நல்லது.

2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை முக்கியமான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. தடை உத்தரவை மீறினார்கள் என்ற 188-வது பிரிவின் கீழ் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, உரிய அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும் என்றார் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அமைதியாகக் கூடிப் போராடியவர்கள் மீதான வழக்குகள் அதில் ரத்தாயின. விருதுநகர் மாவட்டம் மதுரைக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது.

"பர்மிஷன் வாங்கினீங்களா?" என்பது வழக்கமான அடுத்த கேள்வி. மதியம் வெடித்து, சாயங்காலம் உடல் வந்தால் எங்கே போய் மனு கொடுப்பது? ஐ.நா. மனித உரிமைக் குழு 2020-ல் வெளியிட்ட 37-வது பொதுக் கருத்து இதைத் தெளிவாகவே பேசுகிறது: திடீரென்று கூடும் கூட்டங்களுக்கு முன்னறிவிப்பு கேட்கக் கூடாது. அந்தக் கருத்து விளக்கும் உடன்படிக்கையில் இந்தியா 1979-லேயே சேர்ந்துவிட்டது.

ராஜஸ்தான் வேறு பாதையில் போனது. அங்கே 2023 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, உடலை வைத்துப் போராட அனுமதிக்கும் குடும்பத்தினருக்கு 2 ஆண்டு வரையும், வெளியாட்களுக்கு 5 ஆண்டு வரையும் சிறை. இறந்தவரின் கண்ணியம் காக்க என்கிறார்கள். கருகிய உடலோடு ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் கிடப்பவர்களுக்கு அந்தக் கண்ணியத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. இங்கே அப்படியொரு சட்டம் வந்தால் முதலில் வாயடைக்கப்படுபவர்கள் ரிஜிஸ்டரில் பெயரில்லாத தொழிலாளியின் வீட்டார்தான்.

2018 நவம்பரில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உரிமையாளர்கள் ஆலைகளை மாதக்கணக்கில் மூடியபோது அதற்குப் போராட்டம் என்ற மரியாதையான பெயர் கிடைத்தது. பிணவறை வாசலில் உட்காரும் பெண்களுக்குக் கிடைப்பது "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை" என்ற பெயர்.

பேச்சுவார்த்தை முடிந்து உடலை வாங்குகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே கையில் தரும் பணத்தோடு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து கேட்டால்? தொழிலாளர் இழப்பீட்டில் 1923 முதல் இருந்துவரும் விதி: மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும். நேரடியாகக் கொடுத்தது, சிறு முன்பணம் நீங்கலாக, இழப்பீடு கொடுத்ததாகவே கணக்கில் வராது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகும் வழக்கு போடலாம். பேசி முடித்ததை எழுத்தில் வாங்கி, தாசில்தார் கையெழுத்தோடு ஒரு நகலைக் குடும்பம் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தார் என்பதற்கு, பல வீடுகளில், அதுதான் முதல் காகிதம்.