முண்டு மிளகாய்: பெயரும் விதையும்

நெல்வயல் சூழ்ந்த கெப்பாலா பத்தாஸில் முண்டு மிளகாய் வளர்க்க விரும்புவோர், முதற்கண் அதன் தாயகமாகிய இராமநாதபுரத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்கு அது வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிப் பயிர். நீர் தேங்கினால் வேர் அழுகும். எனவே இங்கு மணல் கலந்த தொட்டி மண்ணே ஏற்றது.

உருண்டு திரண்ட இக்காயைக் 'குண்டு மிளகாய்' எனவும் வழங்குவர். 2023இல் இது புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு பெயருக்குக் காப்பாகும்; விதைத்தூய்மையை வளர்ப்போரே பேணுதல் வேண்டும். நாம் முதன்முறை இச்செடியை நீள்மிளகாய்ச் செடியருகே வைத்துவிட்டோம். அவ்வாண்டுக் காய்கள் உருண்டையாகவே இருந்தமையால் ஐயம் எழவில்லை. அவற்றின் விதைவழி வந்த செடிகளிலோ காய்கள் நீண்டன. தேனீக்கள் செய்த கலப்பு அடுத்த தலைமுறையிலேயே வெளிப்படும். ஆதலின் விதைக்குரிய கிளையை, மொட்டு விரியுமுன் மெல்லிய துணியால் மூடிவிடுதல் நன்று.

சமையலில் 'சிலி பாடி'யின் கடுங்காரத்தை இதனிடம் எதிர்பார்த்தல் தகாது. முழுக்காயைச் சற்றே கீறித் தாளித்தால் சாம்பாருக்கு மணம் கூடும்.

காயவைத்தலே இங்குப் பெருஞ்சிக்கல். ஐப்பசியில் விதைத்து, நாற்றுகளை மழை படாது காத்தால், தைமாத வெயிலில் பழங்களை உலர்த்தலாம். குலுக்கும்போது உள்ளே விதை ஒலித்தல் வேண்டும்.