ஆயத்த ஆடைத் தயாரிப்பில் தையல் நூல் தேவை: கணக்கிடுவது எப்படி?

ஆயத்த ஆடையின் அடக்க விலையில் தையல் நூலின் பங்கு மிகச் சிறியது. துணிக்கும் கூலிக்கும் ஆகும் செலவின் முன் அது ஒரு பொருட்டே அல்ல. எனினும், துணியின் நிறத்துக்கு ஏற்பச் சாயமேற்றிய நூல் பாதி வேலையில் தீர்ந்துவிட்டால் தையல் பிரிவு முழுவதும் நின்றுவிடும். மறுமுறை சாயமேற்றி வரும் நூல் முந்தைய நிறத்துடன் முற்றிலும் பொருந்தும் என்பதற்கும் உறுதியில்லை. கூடுதலாக வாங்கினாலோ, மிஞ்சிய கோன்கள் கிடங்கில் முடங்குகின்றன. திருப்பூர், பெங்களூரு, நொய்டா, லூதியானா என எந்த ஊர் ஆலைக்கும் இது பொதுவான சிக்கல்.

கணக்கின் அடிப்படை தையல் வகை. இவ்வகைகளுக்கு ஐஎஸ்ஓ 4915 என்ற சர்வதேச தரநிலை எண்களை அளித்துள்ளது. மேல்நூலும் பாபின் நூலும் பிணையும் வழக்கமான தையல் 301 ஆகும். சென்டிமீட்டருக்கு 7 தையல் வீதம் தைத்தால், இவ்வகையில் ஒரு மீட்டர் தையலுக்கு ஏறத்தாழ 2.5 மீட்டர் நூல் செலவாகும். இரு நூல் சங்கிலித் தையலுக்கு (401) 5.5 மீட்டரும், மூன்று நூல் ஓவர்லாக்குக்கு (504) 14 மீட்டரும் தேவை. துணி தடித்தால் இந்த அளவு கூடும். தையல்கள் நெருக்கம் குறைந்தால் குறையும்.

உதாரணமாக, ஒரு டி-சர்ட்டின் இரு பக்கத் தையல்களும் தலா 60 சென்டிமீட்டர் எனில், ஓவர்லாக் முறையில் 16.8 மீட்டர் நூல் வேண்டும். சேதாரமாக 10 முதல் 15 சதவீதம் வரை சேர்ப்பது வழக்கம். 15 சதவீதம் சேர்த்தால் 19.32 மீட்டர். 10,000 ஆடைகளுக்கு 1,93,200 மீட்டர். அதாவது 5,000 மீட்டர் கோன்கள் 39.

ஆனால், இந்த 39 கோன்களை நம்பி வேலையைத் தொடங்க முடியாது. 15 இயந்திரங்களில் தைப்பதாக இருந்தால், இயந்திரத்துக்கு மூன்று வீதம் முதல் நாளே 45 கோன்கள் வேண்டும். அதோடு, ஓவர்லாக்கில் ஊசி நூல் 20 சதவீதம் மட்டுமே. எஞ்சிய 80 சதவீதத்தை இரு லூப்பர்களும் எடுத்துக்கொள்கின்றன. எனவே, ஊசிக் கோன்களில் பாதியளவு மிஞ்சும் வேளையில், லூப்பர் கோன்கள் தீர்ந்து பற்றாக்குறை ஏற்படும். மொத்த மீட்டரை மட்டும் கணக்கிடும் ஆலைகள் தடுமாறுவது பெரும்பாலும் இங்குதான்.

அட்டவணை விகிதங்கள் தோராயமானவையே. ஆர்டருக்குரிய அதே துணியில், அதே இயந்திரத்தில் ஒரு மீட்டர் தைத்து, அத்தையலைப் பிரித்து, ஊசி நூலையும் லூப்பர் நூலையும் தனித்தனியே அளந்து பார்ப்பதே நம்பத்தகுந்த வழி. இதற்குச் சில நிமிடங்களே ஆகும். நூலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னரே இதைச் செய்துவிட வேண்டும்.