வகுப்பறைக்கு வந்த விருந்து

'விருந்து' என்னும் சொல்லை இன்று நாம் உறவினர்க்கு இடும் உணவு என்ற பொருளில் வழங்குகின்றோம். பண்டைத் தமிழில் அச்சொல் புதுமையைக் குறித்தது. பின்னர்ப் புதிதாக வந்தவரைக் குறிப்பதாயிற்று. புதுவகை யாப்பினைத் தொல்காப்பியம் 'விருந்து' என்றே கூறும். இப்பொருள் கொண்டு நோக்கின், வேற்று மாநிலத்திலிருந்து வந்து, நம் ஊர்ப் பள்ளியின் கடைசி வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் குழந்தையே உண்மையான விருந்து எனலாம்.

பாகூரும் கல்வியும்

வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தோர் பலர். அவருட் சிலர் குடும்பத்துடன் தங்கியுள்ளனர். பாகூர் கல்விக்குப் புதிய ஊரன்று. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இங்கிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு தெரிவிக்கின்றது. அக்கல்விச்சாலையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. இன்று சட்டமே அக்கதவைத் திறந்து வைத்துள்ளது.

சட்டம் தரும் இடம்

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு உரியது. வயதுச் சான்று இல்லையெனச் சேர்க்கையை மறுத்தலாகாது. ஆண்டின் இடையில் வந்தாலும் மறுத்தலாகாது. பத்து வயதுக் குழந்தையைத் தமிழ் அறியாமை கருதி முதல் வகுப்பில் அமர்த்துவதும் முறையன்று. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பதே விதி. இதனை அறியாத பெற்றோர் பள்ளி வாயில் வரை வந்து திரும்பிவிடுகின்றனர். அவர்க்கு இதனை எடுத்துரைப்பது கற்றோர் கடன்.

மௌனம் மந்தமன்று

சேர்க்கையோடு பணி முடிந்துவிடுவதில்லை. பேசாத குழந்தையை 'மந்தம்' என முடிவு கட்டுதல் பெரும்பிழை. 'கல்', 'பகல்' ஆகிய இரு சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலியோ வேறு. இந்தியிலும் ஒடியாவிலும் இவ்வினத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கற்ற குழந்தை நம் ஒற்றைக் ககரத்தின் முன் திகைப்பது அறியாமையால் அன்று. தான் கற்றதைப் பொருத்திப் பார்ப்பதால் ஆகும். மாறாக, நதி, மேகம், சூரியன், புத்தகம், பாடம் போன்ற சொற்கள் அக்குழந்தைக்குச் சிறிது ஒலி வேறுபாட்டுடன் முன்பே அறிமுகமானவை. அவற்றிலிருந்து தொடங்கினால் தமிழ் அதற்கு அயலாகத் தோன்றாது.

பெயரிலும் கவனம் வேண்டும். கிரந்த எழுத்தைத் தவிர்க்க வகுப்பில் வற்புறுத்தும் நாமும் இங்கு ஒன்றை ஒப்புக்கொள்கின்றோம்: குழந்தையின் பெயரைத் தாய் அழைக்கும் ஒலியிலேயே எழுதுதலும் அழைத்தலும் வேண்டும். பெயர் சிதைந்தால் வரவேற்பும் சிதையும்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 2017இல் தொடங்கிய 'ரோஷ்னி' திட்டம் நல்ல முன்மாதிரி. குழந்தைகளின் மொழி அறிந்த தன்னார்வலர் வகுப்பறையில் துணைநின்று, தாய்மொழி வழியே மலையாளத்திற்கு அழைத்துச் சென்றனர். நம் பள்ளிகளிலும், தமிழை ஓரளவு பேசக் கற்ற மூத்த மாணவரைத் துணையாக அமர்த்தலாம். பெற்றோர் கூட்டத்திற்கான அழைப்பைத் தாளில் மட்டும் அனுப்பாது, அவர்தம் மொழி அறிந்தவர் வாயிலாகச் சொல்லியனுப்பலாம். கூட்டத்தை வேலை முடிந்த மாலையில் வைப்பின் கூலித் தொழிலாளரும் வர இயலும்.

முடிவாக

புதுவை மக்கள் ரீயூனியன் தீவுக்கும், சைகோனுக்கும், 1962க்குப் பின் பிரான்சு நாட்டிற்கும் சென்று வாழ்ந்தவர்கள். மொழி புரியா வகுப்பறையில் நம்மவர் பிள்ளைகளும் ஒரு காலத்தில் வாய் மூடி அமர்ந்திருந்தனர். அங்கே அவர்கள் எதிர்பார்த்த ஒரு புன்னகையை இங்கு வந்த குழந்தைக்கு நாம் வழங்குவோமாக! வள்ளுவர் பத்துக் குறள்களில் வற்புறுத்திய விருந்தோம்பலை நடத்திப் பார்க்க வகுப்பறையினும் சிறந்த இடம் வேறில்லை.