ஃபங்ஷனுக்கு ஒரு கடிவாளம்

தேடல் பெட்டியில் சென்னை என்று ஆங்கிலத்தில் டைப் செய்கிறீர்கள். மொத்தம் 7 எழுத்துக்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கேட்கும்படி ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் எழுதப்பட்டிருந்தால், 7 கேள்விகள் போகும். நமக்குத் தேவையோ கடைசி பதில் மட்டும்தான். போதாததற்கு, பழைய கேள்விக்கான பதில் தாமதமாக வந்து சரியான பட்டியலை அழித்துவிடவும் கூடும்.

ஸ்க்ரோல் செய்யும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரு விநாடிக்குள் பல தடவை ஃபங்ஷன் அழைக்கப்படும். 2011-ல் ட்விட்டர் தளம் (இன்றைய எக்ஸ்) ஸ்க்ரோல் செய்யச் செய்ய மந்தமானது. ஸ்க்ரோல் ஆகும்போதெல்லாம் வேலை செய்யாமல், 250 மில்லி விநாடிக்கு ஒரு தடவை மட்டும் சரிபார்த்தால் போதும் என்று ஜேக்வெரியை உருவாக்கிய ஜான் ரெசிக் அப்போது வழி சொன்னார்.

ஃபங்ஷனைக் கட்டுப்படுத்த இரண்டு முறைகள் உள்ளன.

டிபவுன்ஸ்: கடைசி எழுத்துக்குப் பிறகு, உதாரணமாக 300 மில்லி விநாடி அமைதி இருந்தால்தான் ஃபங்ஷன் இயங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் பழைய டைமரை கிளியர்டைம்அவுட் மூலம் ரத்து செய்து, செட்டைம்அவுட் மூலம் புதிய டைமரைத் தொடங்க வேண்டும். வேகமாக டைப் செய்தால் 7 கேள்விகள் ஒன்றாகிவிடும். சுவிட்சை அழுத்தும்போது அதன் தொடுமுனைகள் துள்ளிப் பல சிக்னல்களைத் தரும். அவற்றை ஒன்றாகக் கொள்ளும் எலக்ட்ரானிக்ஸ் முறையிலிருந்து வந்த பெயர் இது.

த்ராட்டில்: எத்தனை தடவை அழைத்தாலும், குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தடவைக்கு மேல் இயங்காது. 200 மில்லி விநாடி என்று வைத்தால், விநாடிக்குச் சுமார் 5 தடவை.

எதை எங்கே பயன்படுத்துவது? முடிவு மட்டும் தேவை என்றால் டிபவுன்ஸ். தேடல் பெட்டிக்கு இதுதான் பொருத்தம். இடையிலும் மாற்றம் தெரிய வேண்டும் என்றால் த்ராட்டில், ஸ்க்ரோலுக்கு இது. மாற்றிப் போட்டால், கையை எடுக்கும்வரை பேஜில் ஒன்றும் நடக்காது.

ஓர் எச்சரிக்கை. பணம் செலுத்தும் பட்டனுக்கு இவற்றை மட்டும் நம்பாதீர்கள். பேஜை ரீலோட் செய்தால் டைமர் போய்விடும். இரண்டு முறை பணம் பிடிக்கப்படலாம். ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் மீண்டும் பணம் எடுக்காமல் தடுக்க வேண்டும்.

உங்கள் ஃபங்ஷனுக்குள் கன்சோல்லாக் வரி ஒன்றைச் சேர்த்து, பிரவுசரில் எஃப்12 அழுத்தி கன்சோலைப் பாருங்கள். எத்தனை தடவை வீணாக ஓடுகிறது என்பது தெரிந்துவிடும்.